கொத்தவால் சாவடியில் இறங்கியவன்

மணிநகரம், மதுரை
14.6.1987

அன்புள்ள அண்ணனுக்குத் தங்கை சுந்தராம்பாள் எழுதுவது. கர்த்தர் கிருபையில் நானும் இவுகளும் சுகமா இருக்கோம். நீங்க, மதினி, சுகப்பிரியா, தம்பி முனீஸ் எல்லாரும் எப்படி இருக்கீங்க? மதினிக்கு முழங்கால் வலி தேவலையா?

நீங்க லாரியில போட்டுவிட்ட அரிசி மூட்டையும் துவரம்பருப்பும் வந்து சேர்ந்துச்சு. சர்ச்சுக்குப் பக்கத்துல பழைய பஞ்சு குடோனை வாடகைக்கு எடுத்து, ஸ்டேஷன் ரோட்டுல கிடக்கிறவுகளுக்குச் சோறும் படுக்க இடமும் கொடுக்கிறோம்னு சொன்னேன்ல, இப்ப அங்க இடம் பத்தலை. குஷ்டம் வந்த புருஷன் பொண்டாட்டி, மூஞ்சி வெந்துபோன ஒரு பிள்ளை, பேரே சொல்லத் தெரியாத ரெண்டு பேர்னு நிறைஞ்சு கிடக்கு.

போன வாரம் பட்டப்பகல்ல ஒரு வெள்ளைக் கார் வந்து நின்னுச்சு. ஒரு பெரிய மனுசியை இறக்கி வாசப்படியில உக்கார வச்சுட்டுப் போயிட்டாங்க. பட்டுச்சேலை, தலையில பூ. "எம் மகன் காரை ஓரமா நிப்பாட்டப் போயிருக்கான்"னு அந்த அம்மா இன்னமும் சொல்லுது. ரோட்டைப் பாக்க விடாம உள்ள கூப்பிட்டா திட்டுது. அந்த மகன் கையில கிடைச்சா நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது அண்ணே. கோவப்படாதே, அது நம்ம வேலை இல்லைன்னு இவுக சொல்றாக. எனக்கு அந்த மனசு வரலை.

முனீஸ் இன்னமும் பஸ் ஸ்டாண்டுல நின்னு "காரியாபட்டி, கல்குறிச்சி, மதுரை"ன்னு கூவிக்கிட்டுத்தான் இருக்கானா? போன தடவை நான் வந்தப்ப ஒரு கண்டக்டர் சொன்னாரு, "உங்க தம்பி இல்லைன்னா இந்தக் கிழவிக பூராம் பஸ்ஸு மாறி ஏறிரும்க்கா"ன்னு. மாத்திரையை ஒழுங்காப் போடுறானா? யாராவது மதுரைக்கு வந்தா அவனைக் கூட்டி விடுங்க. கொஞ்ச நாள் எங்கூட இருக்கட்டும்.

உங்கள் பதிலை எதிர்பார்க்கும்
சுந்தராம்பாள்

*

முருகன் துணை

அருப்புக்கோட்டை
2.7.1987

அன்புத் தங்கை சுந்தராம்பாளுக்கு அண்ணன் சங்கரபாண்டியன் எழுதிக்கொண்டது. இங்கு யாவரும் சௌக்கியம். நீயும் மாப்பிள்ளை பால்சாமியும் நல்லபடியாக இருக்க அந்தச் செந்தூரானை வேண்டிக்கொள்கிறேன்.

மழை இந்த வருஷமும் ஏமாற்றிவிட்டது. திருச்சுழிப் பக்கம் கண்மாய்கள் வெடித்துக் கிடக்கின்றன. மிளகாய் வத்தல் வரத்துக் குறைவு. இருந்தாலும் கடை ஓடுகிறது.

ஒரு நல்ல சேதி. சுகப்பிரியாவைப் பெண் பார்க்கச் சாத்தூரிலிருந்து வந்து போனார்கள். பெரிய குடும்பம், தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். பையன் பி.காம். பேச்சு நல்லபடியாகப் போகிறது. உன் தொண்டுப் பணியைப் பற்றி அவர்களிடம் பெருமையாகச் சொன்னேன். நம் உறவின்முறைச் சங்கக் கூட்டத்திலும் சொன்னேன். எல்லோரும் பாராட்டினார்கள். இன்னொரு மூட்டை அரிசி அனுப்பியிருக்கிறேன். அந்த அம்மாளை விட்டுப் போனவனைப் பற்றி எழுதியிருந்தாய். கலிகாலம், வேறென்ன சொல்ல.

மதினி உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு
சங்கரபாண்டியன்

*

மதுரை
20.7.1987

அண்ணனுக்கு வணக்கம். இங்க எல்லாரும் சுகம். அங்கயும் அப்படியே இருக்கணும்னு ஜெபிக்கிறேன்.

சுகப்பிரியா சேதி கேட்டு இனிப்பு வாங்கி இங்க இருக்கிற எல்லாருக்கும் கொடுத்தேன். அவளுக்கு நல்ல இடமா அமையட்டும்.

முனீஸைப் பத்தி நீங்க ஒண்ணும் எழுதலை. கடை வேலையில மறந்திருப்பீங்க. அவனை எப்ப அனுப்புறீங்க? ரெண்டு வரி எழுதுங்க.

அன்புத் தங்கை
சுந்தராம்பாள்

*

அருப்புக்கோட்டை
25.8.1987

தங்கைக்கு ஆசீர்வாதம். இங்கு நலம். உன் கடிதத்துக்குப் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கடையில் வேலை.

கல்யாணம் தை மாதம் என்று பேசி முடித்தாயிற்று. நீயும் மாப்பிள்ளையும் முன்கூட்டியே வந்துவிட வேண்டும்.

முனீஸ் வெளியூரில் வைத்தியத்தில் இருக்கிறான். நல்ல இடம். கவலைப்பட ஒன்றுமில்லை.

சங்கரபாண்டியன்

*

மதுரை
6.9.1987

அண்ணனுக்கு, நாங்க நல்லா இருக்கோம். உங்க எல்லாருடைய சுகத்துக்கும் எழுதவும்.

வெளியூர்னா எந்த ஊரு? ஆஸ்பத்திரியா, கோயிலா? எந்த டாக்டரு? ஊர் பேரு எழுதினா நாங்களே போய் அவனைப் பாத்துட்டு வந்திருவோம். இவுகளுக்கு மில்லுல லீவு இருக்கு. அவனுக்குச் சங்கிலி கிங்கிலி போட்டிருந்தாங்கன்னா நான் சும்மா இருக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.

இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் போடுங்க.

சுந்தராம்பாள்

*

மதுரை
18.10.1987

அண்ணனுக்கு.

சுகம் விசாரிக்கத் தோணலை. நீங்க, வாங்கன்னு எழுதவும் கை கூசுது. இருந்தாலும் மூத்தவர்னு எழுதுறேன்.

நேத்து மத்தியானம் பந்தி நடந்துக்கிட்டிருந்தப்ப நம்ம லோடு லாரி டிரைவர் சோலைச்சாமி வந்து வாசல்ல நின்னாரு. நான் அரிசி கொண்டாந்திருக்காருன்னு நினைச்சேன். "உள்ள வாங்க, சாப்பிடுங்க"ன்னு கூப்பிட்டேன்.

"சோறு திங்க வரலைக்கா. ஒண்ணு சொல்லணும். சொல்லிட்டுப் போயிருறேன்"னாரு.

அவர் சொன்னதை அப்படியே எழுதுறேன். நீங்களும் ஒரு தடவை படிங்க.

"ஆனி மாசம் வத்தல் லோடு ஏத்திக்கிட்டு மெட்ராஸுக்குக் கிளம்புனேன். அண்ணாச்சி சின்னவுகளைக் கூட்டியாந்து முன்னாடி ஏத்தி உக்கார வச்சாக. என்னைத் தனியாக் கூப்பிட்டு, மெட்ராஸைத் தாண்டி எங்கயாச்சும் இறக்கி விட்ரு, திரும்பி வர வழி தெரியக்கூடாதுன்னாக. நான் முடியாதுன்னேன். அப்ப வண்டிச் சாவியை வச்சிட்டுப் போன்னாக. எனக்கு மூணு பொட்டப் புள்ளைக்கா. கொத்தவால் சாவடி மார்க்கெட்டுல லோடு இறக்குனதும் டீயும் பன்னும் வாங்கிக் குடுத்து, இங்கயே இருங்க சின்ன அண்ணாச்சி, டயரு மாத்திட்டு வாரேன்னேன். சரி சோலை, பைய வா, ஒண்ணும் அவசரம் இல்லைன்னாக. வண்டி எடுக்கையில கண்ணாடியில பாத்தேன். எனக்குக் கையாட்டிட்டு இருந்தாக."

அந்த மனுசன் வாசல்லயே உக்காந்து அழுதாரு. அவரை விரட்டணும்னு எனக்கு வந்துச்சு. இவுகதான் கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டுப் போயிச் சோறு போட்டாக.

வெள்ளைக் காரு வச்சிருந்தவனை நான் திட்டி எழுதுனேன். நீங்க கலிகாலம்னு பதில் எழுதுனீங்க. அப்ப முனீஸ் மெட்ராஸ் ரோட்டுல நின்னுக்கிட்டிருந்தான். நீங்க அனுப்புன அரிசியைப் பொங்கி, யார் யாரோ விட்டுட்டுப் போன ஆளுகளுக்கு நான் போட்டேன். என் கூடப்பிறந்தவன் அன்னைக்கு எந்த எச்சி இலையைப் பொறுக்கினானோ.

நான் கிறிஸ்தவ வேதத்துல சேந்து இவுகளைக் கட்டினப்ப நீங்க யாரும் கல்யாணத்துக்கு வரலை. பல வருஷம் பேச்சு இல்லை. முதல்ல என் வீட்டு வாசப்படி ஏறினது முனீஸுதான். தானே பஸ்ஸு ஏறி, தெருத் தெருவா விசாரிச்சு, காராச்சேவுப் பொட்டலத்தோட வந்தான். நீங்க எல்லாரும் தெளிவா இருந்தீங்க. புத்தி பிசகினவனுக்குத்தான் அக்கா வீடு தெரிஞ்சுச்சு.

நாளைக்கு மெட்ராஸுக்குப் போறோம்.

சுந்தராம்பாள்

*

அருப்புக்கோட்டை
27.10.1987

அன்புள்ள சுந்தராம்பாளுக்கு மதினி ராமலட்சுமி எழுதிக்கொண்டது. நாங்கள் உயிரோடு இருக்கிறோம். நீங்கள் மெட்ராஸிலிருந்து நல்லபடியாகத் திரும்பியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து உங்கண்ணன் சரியாகச் சாப்பிடுவதில்லை. கடைக்குப் போகிறார்கள், வருகிறார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். சாத்தூர்க்காரர்கள் பொண்ணு பார்க்க வந்த அன்றைக்குத் தம்பியைப் பின்கட்டில்தான் இருக்கச் சொல்லியிருந்தோம். அவர்கள் கார் வந்து நின்றதும் ஓடிப்போய், "சாத்தூர், விருதுநகரெல்லாம் ஏறு"ன்னு கூப்பிட்டுவிட்டார். மாப்பிள்ளையோட அம்மா, "இது யாரு"ன்னு கேட்டுச்சு. உங்கண்ணன் "கடையில வேலை பாக்கிறவன்"னு சொல்லிட்டாக. அந்த வார்த்தையைச் சொன்னபிறகு தம்பியை வீட்டில் வைத்துக்கொள்ள முடியவில்லை. வைத்தியத்துக்கு அனுப்புகிறேன் என்றுதான் என்னிடம் சொன்னார்கள். நான் நம்பினேன். நம்பினால் எனக்கும் நல்லது என்று இருந்தேனோ என்னவோ.

எப்படியாவது தேடுங்கள். ஆனால் உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், கிடைத்தால் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிட வேண்டாம். தை முடியட்டும். பொம்பளைப் பிள்ளை வாழ்க்கை.

ராமலட்சுமி

*

மதுரை
5.12.1987

மதினிக்கு சுந்தராம்பாள் எழுதுவது. உங்க முழங்காலுக்கு ஒத்தடம் கொடுங்க. இங்க நாங்க சுகம். இந்தத் தடவை அந்த "நாங்க"வில முனீஸும் இருக்கான்.

பயப்படாதீங்க. தைக்கு வர மாட்டோம்.

முதல் தடவை போனப்ப அவன் கிடைக்கலை. போன மாசம் மறுபடி போனோம். மார்க்கெட்டுல மூட்டை தூக்குறவர் ஒருத்தர்தான் சொன்னாரு, "அட, காரியாபட்டியைத் தேடுறீங்களா, பாரிமுனை பஸ் ஸ்டாண்டுல பாருங்க"ன்னு. அங்க அவனுக்குப் பேரே அதுதானாம். மெட்ராஸ் பஸ்ஸுக்கு முன்னாடி நின்னு காரியாபட்டி, திருச்சுழி, வீரசோழன்னு கூவுவானாம். எவனும் ஏற மாட்டான்ல. பைத்தியம்னு சிரிச்சிருக்காங்க. சில பேரு அடிச்சிருக்காங்க.

பஸ் ஸ்டாண்டுலயும் இல்லை. பக்கத்துல ஒரு பெரிய சர்ச்சு. வாசல்ல பளிங்குக் கல்லுல அழகா வசனம் எழுதியிருக்கு. கேட்டுக்குப் பெரிய பூட்டு. வாட்ச்மேன்கிட்ட விசாரிச்சோம். "அந்தக் கிறுக்கனா? மழைக்கு உள்ள வந்து படுத்தான். கமிட்டிக்காரங்க பாத்துட்டு விரட்டச் சொல்லிட்டாங்க"ன்னான். நானும் அதே வேதத்துல இருக்கிறவ மதினி. அந்தக் கேட்டை ரெண்டு கையாலயும் பிடிச்சு ஆட்டுனேன். ரோட்டுல போறவுக பூராம் பாத்தாக. இவுக என்னைத் தடுக்கலை.

அந்தச் சர்ச்சுச் சுவருக்கு வெளிப்பக்கம் பிளாட்பாரத்துல, ஒரு தார்ப்பாய்க்குக் கீழதான் அவன் உக்காந்திருந்தான். தாடி. கால்ல புண்ணு, அதுல வேட்டித் துணி கட்டியிருக்கு. ஒரு பொம்பளை அவனுக்கு முன்னாடி தட்டை வச்சுக்கிட்டு, "தின்னுட்டுக் கத்துப்பா"ன்னு சொல்லிக்கிட்டிருந்தா. பேரு மூக்கம்மாள். பரமக்குடிப் பக்கம். மார்க்கெட்டுல சிதறுற வெங்காயத்தையும் வத்தலையும் கூட்டிப் பெருக்கி வித்துத்தான் அவளுக்குப் பொழப்பு. அவளும் வேதக்காரி. ஆனா அந்தக் கேட்டுக்குள்ள அவளையும் விட்டதில்லை.

"ஏம்மா இவனை நீ வச்சுப் பாத்தே"ன்னு கேட்டேன்.

"அது சொல்ற ஊரு பூராம் நம்ம பக்கத்து ஊரு தாயி. திருச்சுழின்னு காதுல விழவும் திரும்பிப் பாத்தேன். நம்ம ஊருப் புள்ளை. தூக்கியா போட முடியும்?"

தூக்கியா போட முடியும்னு கேக்கிறா. எங்க வீட்டுல போட்டுட்டாங்கன்னு சொன்னேன். அவ நம்பலை. "கூட்டத்துல தொலைச்சிருப்பீக, அதுக்காக அப்பிடிப் பேசாத தாயி"ன்னா.

கூட வந்திருன்னு கூப்பிட்டோம். வரலை. "நான் போயிட்டா இந்த இடத்தை வேற ஆளு பிடிச்சிரும். நாளைக்கு இன்னொண்ணு இப்பிடி வந்து நின்னா அது எங்க போகும்"னா. ஆனா அவனை எங்ககூட அனுப்புறதுக்கு முந்தி அவன் தலையில என்னைக் கை வைக்கச் சொல்லி, இனி விட மாட்டேன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. கூடப்பிறந்தவ என்னை, அந்த ரோட்டுப் பொம்பளை நம்பலை. சரியாத்தான் செஞ்சா.

தை முடியட்டும்னு எழுதியிருந்தீங்களே, அந்த வரியை நான் மறக்க மாட்டேன் மதினி. உங்க மேல எனக்குப் பாசம் இருக்கு. அதனாலதான் மறக்க மாட்டேன்.

சுகப்பிரியா நூறு வருஷம் நல்லா இருக்கட்டும்.

சுந்தராம்பாள்

*

அருப்புக்கோட்டை
8.2.1988

தங்கை சுந்தராம்பாளுக்கு. நீங்கள் மூவரும் நலமாக இருக்க வேண்டும்.

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சமையலுக்கு வாங்கியதில் மீந்த அரிசி மூட்டைகளை உங்கள் இல்லத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

மறுவீடு வந்தபோது சுகப்பிரியா மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். என்னை முன்னால் உட்கார வைத்துக்கொண்டே சொன்னாள். "அன்னைக்கு நம்ம வாசல்ல நின்னது வேலைக்காரர் இல்லை, எங்க சித்தப்பா" என்றாள். நான் தலை குனிந்திருந்தேன். மாப்பிள்ளை என் பக்கம் திரும்பி, "எங்க பெரியப்பா மகன் ஒருத்தரும் இப்படித்தான் இருக்கார். மாடியில இருக்கார். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே மாமா" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

அதற்குப் பிறகு என்னால் கடையில் உட்கார முடியவில்லை.

நான் ஒரு தடவை வந்து அவனைப் பார்க்கலாமா?

சங்கரபாண்டியன்

*

மதுரை
22.2.1988

மதினிக்கு, இங்க முனீஸுக்குக் கால் புண்ணு ஆறிருச்சு. மாத்திரை போடுறான். இவுகளுக்கும் எனக்கும் ஒரு குறையும் இல்லை. நீங்களும் புதுப்பொண்ணு மாப்பிள்ளையும் நல்லா இருப்பீங்க.

அண்ணன் கேட்டதுக்கு நான் பதில் எழுதலை. எழுதாமலே ஞாயித்துக்கிழமை வந்து நின்னாக. வீட்டுல வந்து என்ன சொன்னாகளோ தெரியாது. என்ன நடந்துச்சுன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்.

வாசல்ல அவுகளைப் பாத்ததும் கதவைச் சாத்தப் போனேன். உண்மையாவே சாத்தப் போனேன். இவுக வந்து குறுக்க நின்னுக்கிட்டு, "இந்த வாசல்ல நின்ன யாரையும் எதுக்கு வந்தேன்னு நம்ம கேட்டதில்லை சுந்தரா. இவருக்கு மட்டும் கேப்பியா"ன்னாக. "அவங்க எல்லாம் விடப்பட்ட ஆளுக. இது விட்டுட்டுப் போன ஆளு"ன்னேன். "ரெண்டு பேருக்கும் பசிக்கும்"னு சொல்லிட்டு, அண்ணன் கையைப் பிடிச்சுப் பந்தியில உக்கார வச்சுட்டாக. அந்தப் பக்கம் குஷ்டம் வந்தவரு. இந்தப் பக்கம் பட்டுச்சேலை அம்மா. உங்க வீட்டுக்காரவுக நடுவுல தலை குனிஞ்சு உக்காந்திருந்தாக.

முனீஸ்தான் பந்திக்குத் தண்ணி ஊத்துவான். சொம்போட வரிசையா வந்தவன் அண்ணனைப் பாத்தான். நின்னான். சொம்பைக் கீழ வச்சுட்டு உள்ள போனான். கோவம் வந்திருச்சு, திட்டப் போறான்னு நான் நினைச்சேன். திட்டணும்னு ஆசைப்பட்டேன் மதினி.

திரும்பி வந்தப்ப சட்டை மாட்டியிருந்தான். இவுக வாங்கிக் கொடுத்த துணிப்பை தோள்ல. அண்ணன் பக்கத்துல வந்து மெதுவா, "அண்ணே, லாரி எங்க நிக்குது? நான் சத்தம் போடாம வாரேன்"னான்.

பந்தியில ஒருத்தரும் சோத்துல கை வைக்கலை. அண்ணன் சோத்து இலைக்கு மேலயே குனிஞ்சு அழுதாக. "லாரி இல்லைடா, லாரி இல்லைடா"ன்னே சொன்னாக. அவன் நம்பலை. வாசப்படியில போய்ப் பையை மடியில வச்சுக்கிட்டு உக்காந்துட்டான். சாப்பிடக் கூப்பிட்டா, "வழியில டீ வாங்கித் தருவாக"ன்னான். அண்ணன் பஸ்ஸு ஏறிப் போனதுக்கப்புறமும் அவன் எந்திரிக்கலை. "அப்ப நான் போகலையாக்கா"ன்னு கேட்டான். "நீ எங்கயும் போகலை"ன்னு சொல்லிச் சொல்லித்தான் உள்ள கூட்டிட்டு வந்தேன்.

அண்ணன் கிளம்புறப்ப என்கிட்ட மன்னிச்சிருன்னாக. எங்கிட்ட ஏன் கேக்கிறீங்கன்னு சொல்லிட்டேன். வேதத்துல சேந்தவ உடனே மன்னிச்சிரணும்னு நினைப்பாக போல. எனக்கு வரலை. வராததை வந்துச்சுன்னு எழுத மாட்டேன்.

அரிசியைத் திருப்பி அனுப்பலை. அது சாப்பிடுறவுகளுக்கு உள்ளது. இனிமே அரிசி அனுப்ப வேண்டாம். அதுக்குப் பதிலா உங்க வீட்டுக்காரவுகளை அனுப்புங்க. வாரா வாரம் ஞாயித்துக்கிழமை காரியாபட்டி வழியா வர்ற பஸ்ஸுல ஏறி வரட்டும். பந்தியில உக்காரட்டும். முனீஸ் அவுகளைப் பாத்ததும் பையைத் தேடிப் போகாம, எல்லாருக்கும் ஊத்துற மாதிரி அவுக டம்ளர்லயும் தண்ணி ஊத்திட்டு அடுத்த ஆளுக்குப் போற நாள் வரைக்கும் வரணும். அது எத்தனை வருஷம் ஆனாலும் சரி.

நான் பேச மாட்டேன். சோறு போடுவேன்.

உங்கள் நாத்தனா
சுந்தராம்பாள்